உறைபதனக் காய்கறிச் சந்தை: வளர்ச்சியும் அறுபடும் கண்ணிகளும்

ஐதராபாத் மாநகரின் வடகிழக்கில் உள்ள ஏ.எஸ்.ராவ் நகரில் குடியிருக்கும் ஒரு குடும்பத்துக்கு, மாலையில் காய்கறி வாங்க இன்று மூன்று வழிகள் உள்ளன. அருகிலுள்ள குஷாயிகுடா ரைத்து பஜாருக்குச் சென்று, உழவர்கள் கொண்டுவந்த காயைக் கையால் தொட்டுப் பார்த்து வாங்கலாம். தெருமுனைத் தள்ளுவண்டியில் பேரம் பேசி வாங்கலாம். அல்லது பெரிய அங்காடிக்குள் நுழைந்து, கண்ணாடி மூடியிட்ட ஃப்ரீசரிலிருந்து பச்சைப் பட்டாணிப் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அங்காடிக்குச் செல்ல நேரமில்லாதவர்கள் கைப்பேசியில் ஆணையிட்டு அதே பொட்டலத்தைச் சில நிமிடங்களில் வாசலுக்கே வரவழைக்கின்றனர். இந்த மூன்றாவது வழி நீண்ட காலம் உணவகங்களுக்கும் திருமணச் சமையல் ஒப்பந்தக்காரர்களுக்கும் மட்டுமே பழக்கமானதாக இருந்தது. இன்று அது சாதாரணக் குடும்பங்களின் மாதாந்திர மளிகைப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது.

ஏ.எஸ்.ராவ் நகர் இந்த மாற்றத்தைக் காண்பதற்கு ஏற்ற இடம். 1967-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இ.சி.ஐ.எல். என்னும் மின்னணு நிறுவனத்தை நிறுவி வளர்த்த அய்யகாரி சாம்பசிவ ராவ் அவர்களின் பெயரைத் தாங்கிய குடியிருப்பு இது. அந்நிறுவன ஊழியர்களின் தனி வீடுகளாகத் தொடங்கிய பகுதியில் இன்று அடுக்குமாடிகள் நிறைந்துள்ளன. கணவன், மனைவி இருவரும் பணிக்குச் செல்லும் குடும்பங்கள், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியே வாழும் ஓய்வு பெற்றோர், மாணவர் விடுதிகள், சிறு உணவகங்கள் ஆகிய எல்லாம் இங்கே அடுத்தடுத்து உள்ளன. தமிழ்க் குடும்பங்களும் கணிசமாக உண்டு. இவர்களே எங்கள் வாடிக்கையாளர்கள். உறைபதனக் காய்கறியை வாங்குவோரையும், அதைத் தொழிலாகச் செய்யக் கடன் கேட்டு வருவோரையும் நாங்கள் ஒரே நாளில் சந்திப்பதுண்டு.

அவ்வாறு இரு பக்கங்களிலிருந்தும் பார்க்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. இச்சந்தையின் எதிர்காலத்தை முடிவு செய்யப்போவது விளம்பரமோ, மக்களின் சுவை மாற்றமோ மட்டுமன்று. வயலிலிருந்து வீட்டுச் சமையலறை வரை குளிர் அறுபடாமல் வந்து சேர வேண்டும்; அந்தக் குளிரைத் தாங்கி நிற்கும் பணமும் இடையில் அறுபடாமல் இருக்க வேண்டும். இவ்விரண்டு சங்கிலிகளையும் பற்றியதே இக்கட்டுரை.

குளிரில் நிகழ்வது என்ன?

விளைச்சல் மிகுந்த காலத்தில் காயைச் சேமித்து, கிடைக்காத காலத்தில் உண்பது நமக்குப் புதிதன்று. சுண்டைக்காய் வற்றல், கொத்தவரங்காய் வற்றல், மோர் மிளகாய் ஆகியவை நம் பாட்டிமார் வெயிலைக் கொண்டு செய்த சேமிப்பு. தெலுங்கு இல்லங்களிலும் கோடையில் வடியாலும் ஊர மிளகாயும் மாடியில் காய்வதைக் காணலாம். வெயில் காயிலுள்ள நீரை வெளியேற்றிக் கெடாமல் காக்கிறது. குளிர் அந்நீரை உள்ளேயே உறைய வைத்துக் காக்கிறது.

ஆனால் எப்படி உறைய வைக்கிறோம் என்பது முக்கியம். மெதுவாக உறையும்போது காயின் உயிரணுக்களில் பெரிய பனிப்படிகங்கள் தோன்றி அவற்றின் சுவரைக் கிழிக்கின்றன. பனி உருகியதும் காய் குழைந்து நீர் விடுகிறது. விரைவாக உறைய வைத்தால் படிகங்கள் நுண்ணியவையாக அமைந்து, காயின் கட்டு குலையாமல் இருக்கும். கனடாவின் லாப்ரடார் பகுதியில் வாழும் இன்யூட் மக்கள், பிடித்த மீனைக் கடுங்குளிர்க் காற்றில் நொடிப்பொழுதில் உறைய வைப்பதைக் கண்ட கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர், 1920-களில் அதனை இயந்திரத் தொழிலாக மாற்றினார். 1930-ஆம் ஆண்டு மார்ச் மாதம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கடைகளில் உறைபதன உணவு முதன்முதலாகச் சில்லறை விற்பனைக்கு வந்தது.

இன்றைய ஆலைகளில் தோலுரித்த பட்டாணியைக் கொதிநீரிலோ நீராவியிலோ ஓரிரு நிமிடம் வாட்டுகின்றனர். நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும் நொதிகள் அதனால் செயலிழக்கின்றன. பிறகு குளிர்நீரில் ஆற்றி, பூஜ்யத்துக்குக் கீழே 30 முதல் 40 டிகிரி வரை குளிர்ந்த காற்று பாயும் சுரங்கத்தில் செலுத்துகின்றனர். ஒவ்வொரு மணியும் தனித்தனியே உறைந்து வெளிவருகிறது. இதனைத் தொழில் வட்டாரத்தில் ஐ.க்யூ.எஃப். என்பர். அதன்பின் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் குறைந்த வெப்பநிலையில் வைத்திருந்தால் பல மாதங்கள் கெடாது. குளிரே காக்கும் பொருளாக இருப்பதால் தனியாக வேதிப்பொருள் சேர்க்க வேண்டிய தேவையில்லை.

“ஃப்ரோசன் என்றால் பழைய காய்தானே?” என்று எங்கள் வாடிக்கையாளர்கள் சிலர் கேட்பதுண்டு. பறித்த பட்டாணியின் இனிப்பு மணிக்கு மணி மாவாக மாறிக்கொண்டே இருக்கும். பறித்து மூன்று நாட்கள் லாரியிலும் சந்தையிலும் கழித்த காயைவிட, பறித்த அன்றே உறைய வைத்த காயில் சத்து குறைவாக இருக்கும் என்று சொல்வதற்கில்லை. வாட்டும்போது வைட்டமின் சி சிறிது குறையும். அதன்பின் ஏற்படும் இழப்பு மெதுவானது. எங்கள் பகுதிக்கு அருகில் தார்நாக்காவில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1918-இல் நம் குன்னூரில் தொடங்கி 1958-இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. அது 2024-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், ஒரு நாளைய உணவுத் தட்டில் 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் இடம்பெற வேண்டும் என்கிறது. பருவமும் விலையும் எப்படியிருந்தாலும் தட்டில் காய் குறையாமல் பார்த்துக்கொள்ள உறைபதனம் ஒரு துணை. அன்றாடம் பசுமையாகக் கிடைக்கும் கீரையையும் நாட்டுக் காயையும் அது விலக்க வேண்டியதில்லை.

பட்டாணியில் தொடங்கிய சந்தை

நம் நாட்டில் உறைபதனக் காய்கறி என்றவுடன் நினைவுக்கு வருவது பச்சைப் பட்டாணியே. இதற்குத் தெளிவான காரணம் உண்டு. பட்டாணி குளிர்காலப் பயிர். உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூர், பஞ்சாப் ஆகிய பகுதிகளில் டிசம்பர் முதல் மார்ச் வரை அது மலைபோல் குவிகிறது. அப்போது விலை சரிகிறது. மே, ஜூன் மாதங்களில் பச்சைப் பட்டாணி அரிதாகி விலை பல மடங்காகிறது. உண்போரின் விருப்பமோ ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருக்கிறது. விளைச்சல் நான்கு மாதம், தேவை பன்னிரண்டு மாதம் என்ற இந்த இடைவெளியே உறைபதனத் தொழிலின் அடித்தளம்.

தேசிய பால்வள மேம்பாட்டு வாரியத்தின் துணை நிறுவனமான மதர் டெய்ரி, டில்லியில் 1988-இல் தொடங்கப்பட்ட சஃபல் காய்கறிக் கடைகளின் வழியே இச்சந்தையை வட இந்திய நடுத்தரக் குடும்பங்களுக்கு அறிமுகப்படுத்தியது. பாலைச் சேகரித்துக் குளிரூட்டி நகருக்குக் கொண்டுசெல்லும் அனுபவம் காய்கறிக்கும் கைகொடுத்தது. இமயமலை அடிவாரத்தில், உத்தராகண்டின் ஊதம் சிங் நகர் மாவட்டத்தில் பட்டாணி உறைபதன ஆலைகள் பல எழுந்தன. பின்னர் இனிப்புச் சோளம், காலிஃபிளவர், பீன்ஸ், கேரட் கலவை, நறுக்கிய வெண்டை என்று பட்டியல் நீண்டது.

வளர்ச்சிக்கு அண்மைக் காலத்தில் மூன்று உந்துதல்கள் கிடைத்தன. முதலாவது, 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கு. கடைக்குச் செல்ல இயலாத வாரங்களில் பல குடும்பங்கள் முதன்முறையாக ஃப்ரீசரை உண்மையில் பயன்படுத்தக் கற்றுக்கொண்டன. இரண்டாவது, பிளிங்கிட், செப்டோ, ஸ்விகி இன்ஸ்டாமார்ட் போன்ற விரைவு விநியோக நிறுவனங்கள். குடியிருப்புக்கு மிக அருகில் அவை வைத்திருக்கும் சிறு கிடங்குகளில் உறைபெட்டியும் உண்டு. உருகுவதற்குள் பொருள் வீடு சேர்ந்துவிடுகிறது. மூன்றாவது, விலை அதிர்ச்சி. 2023 ஜூலையில் பல நகரங்களில் தக்காளி கிலோ 200 ரூபாயைக் கடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே விலையில் கிடைக்கும் காய் என்பது அத்தகைய மாதங்களில் குடும்ப வரவு செலவுக்கு ஆறுதலாகிறது.

இறக்குமதியிலிருந்து ஏற்றுமதிக்கு

இச்சந்தையில் நிகழ்ந்த பெரும் திருப்பம் உருளைக்கிழங்கில்தான். வறுப்பதற்கென்று நீளவாக்கில் நறுக்கி உறைய வைத்த ஃபிரெஞ்சு ஃபிரைஸ், 2000-களின் நடுப்பகுதி வரை நம் நாட்டுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான டன் இறக்குமதியாகி வந்தது. உருளைக்கிழங்கு விளைச்சலில் உலகில் இரண்டாம் இடத்தில் உள்ள நாடு, வறுவல் துண்டுகளை வெளியிலிருந்து வாங்கியது முரணாகத் தோன்றலாம். நம் வீட்டுக் குழம்புக்கு ஏற்ற கிழங்கில் நீர் அதிகம். வறுவலுக்கு நீளமான, மாவுச்சத்து மிகுந்த, சர்க்கரை குறைந்த கிழங்கு வேண்டும் என்பதே அதற்குக் காரணம்.

மெக்கெயின் நிறுவனம் குஜராத்தின் மெஹ்சானாவில் ஆலை அமைத்து, பனாஸ்காண்டா உள்ளிட்ட மாவட்டங்களின் உழவர்களுக்கு உரிய ரகங்களை அளித்து, விதைக்கும் முன்பே விலையைப் பேசி முடித்துக் கிழங்கு வாங்கியது. பிறகு ஹைஃபன் போன்ற இந்திய நிறுவனங்களும் களத்தில் இறங்கின. 2023-24 நிதியாண்டில் நம் நாடு ஏறத்தாழ 1.36 லட்சம் டன் ஃபிரெஞ்சு ஃபிரைஸை ஏற்றுமதி செய்து 1,478 கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டியது. ரகம், ஒப்பந்தம், ஆலை, கிடங்கு ஆகிய நான்கும் ஒரே வட்டாரத்தில் அமைந்ததால் கிடைத்த பலன் இது. ஆலையை மட்டும் கட்டியிருந்தால் இது நடந்திருக்காது.

தமிழர்களுக்கு இதில் நெருக்கமான ஒரு பகுதியும் உண்டு. அமெரிக்காவிலோ வளைகுடா நாடுகளிலோ வாழும் தமிழ்க் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை சாம்பார் வைக்கும்போது, அதில் விழும் முருங்கைக்காயும், உரித்த சின்ன வெங்காயமும், துவையலுக்கான துருவிய தேங்காயும் பெரும்பாலும் உறைபதனப் பொட்டலத்திலிருந்தே வருகின்றன. தேனி, திண்டுக்கல், கரூர், மதுரை உள்ளிட்ட மாவட்டங்களைத் தமிழ்நாடு அரசு முருங்கை ஏற்றுமதி மண்டலமாக அறிவித்திருப்பதை இத்துடன் இணைத்துப் பார்க்க வேண்டும். முருங்கை விலை ஒரு பருவத்தில் விண்ணையும் மறு பருவத்தில் மண்ணையும் தொடுவது ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி உழவர்கள் நன்கறிந்த துயரம். பட்டாணிக்கு வடக்கே நிகழ்ந்தது முருங்கைக்கும் நிகழலாம்.

கண்ணி எங்கே அறுபடுகிறது?

காய்கறி விளைச்சலில் சீனத்துக்கு அடுத்த இடம் நமக்கு. ஆயினும் அறுவடைக்குப் பின் கணிசமான பங்கு வீணாகிறது. 2022-இல் நபார்டு வங்கியின் ஆலோசனை நிறுவனமான நாப்கான்ஸ் மேற்கொண்ட ஆய்வின்படி, காய்கறிகளில் இழப்பு வகைக்கேற்ப 4.87 முதல் 11.61 விழுக்காடு வரை உள்ளது. எல்லா வேளாண் விளைபொருள்களும் சேர்ந்த இழப்பின் மதிப்பை அவ்வாய்வு ஏறத்தாழ 1.53 லட்சம் கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. விலை சரிந்த நாட்களில் தக்காளியைச் சாலையோரம் கொட்டிச் செல்லும் உழவரின் படம் ஆண்டுதோறும் நாளேடுகளில் வருகிறது. அந்த உழவரும் எங்கேனும் ஒரு வங்கிக் கிளையில் பயிர்க்கடன் வாங்கியவராகவே இருப்பார்.

“குளிர்பதனக் கிடங்குகள் போதாமையே காரணம்” என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. உண்மை சற்று வேறு. 2015-ஆம் ஆண்டு தேசிய குளிர்ச்சங்கிலி மேம்பாட்டு மையத்துக்காக எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு ஒன்று நிலைமையைத் தெளிவாக்கியது. நாட்டுக்குத் தேவையான கிடங்குக் கொள்ளளவு சுமார் 350 லட்சம் டன். அப்போது இருந்தது சுமார் 320 லட்சம் டன். அங்கே பற்றாக்குறை சிறிதே. ஆனால் வயலருகே காயைத் தரம் பிரித்து, முதல் குளிரூட்டலைச் செய்யும் சிப்பமிடும் நிலையங்கள் 70,000-க்கு மேல் தேவைப்பட்ட இடத்தில் 250-க்கும் குறைவாகவே இருந்தன. குளிரூட்டிய வண்டிகள் 60,000-க்கு மேல் தேவைப்பட்ட இடத்தில் 10,000-ஐக்கூட எட்டவில்லை. கட்டடம் இருந்தது, அதற்கு வந்து சேரும் வழியும், அதிலிருந்து வெளியேறும் வழியும் இல்லை.

இருக்கும் கிடங்குகளிலும் பெரும்பகுதி ஒற்றைப் பொருளுக்கானவை. வட மாநிலங்களில் அவை உருளைக்கிழங்குக்கு. எங்கள் தெலுங்கு மாநிலங்களில், குறிப்பாகக் குண்டூர், வரங்கல், கம்மம் பகுதிகளில், காய்ந்த மிளகாய்க்கு. மிளகாய் மூட்டைக்குப் போதுமான குளிர் வேறு. உறைந்த பட்டாணிக்குத் தேவையான குளிர் வேறு. பூஜ்யத்துக்கு மேலே சில டிகிரியில் இயங்கும் கிடங்கை நம்பி உறைபதனத் தொழில் தொடங்க இயலாது.

சங்கிலியின் கடைசிக் கண்ணி நம் தெருவிலேயே உள்ளது. மின்கட்டணத்தை மிச்சப்படுத்த இரவில் ஃப்ரீசரை நிறுத்திவிட்டுக் காலையில் மீண்டும் இயக்கும் சிறு கடைகள் உண்டு. சென்ற கோடையில் நாமே அதை அனுபவித்தோம். வாங்கிய பட்டாணிப் பொட்டலத்தை வீட்டில் பிரித்தபோது மணிகள் தனித்தனியே உதிரவில்லை. செங்கல் போல ஒரே கட்டியாக இருந்தன. இடையில் எங்கோ உருகி மீண்டும் உறைந்திருந்தது. ஆலையும் லாரியும் பெரிய கிடங்கும் செய்த வேலை முழுவதும் ஓர் இரவில் வீணாயிற்று. அந்த அனுபவத்துக்குப் பின் ஒரு குடும்பம் “ஃப்ரோசன் வேண்டாம்” என்று முடிவு செய்தால், அந்த நட்டம் கடைக்காரருக்கு மட்டுமன்று. உழவர் வரை செல்லும்.

பணம் உறையும் மாதங்கள்

குளிர்ச்சங்கிலியைப் பற்றிப் பலர் பேசுகின்றனர். அதனுடன் இணைந்து செல்லும் பணச்சங்கிலி பற்றி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எங்கள் கிளையில் பெற்ற பாடம் ஒன்றை இங்கே பகிர்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் சிறு உறைபதன அலகு ஒன்றுக்குக் கடன் வழங்கினோம். தொழில்முனைவோர் நேர்மையானவர், இயந்திரமும் தரமானது. நடைமுறை மூலதனத்தை வழக்கமான முறையில் கணக்கிட்டோம். 1990-களின் தொடக்கத்தில் நாயக் குழு பரிந்துரைத்தபடி, சிறு தொழில்களுக்கு எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20 விழுக்காட்டை வங்கி அளிக்கும். மேலும் 5 விழுக்காட்டைத் தொழில்முனைவோர் போடுவார். எளிய, நல்ல முறை. ஆனால் அது மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பணம் சுழன்று திரும்பும் என்ற அனுமானத்தில் அமைந்தது. பட்டாணி அப்படிச் சுழல்வதில்லை.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஆண்டுக்கு 100 டன் உறைந்த பட்டாணியைக் கிலோ 110 ரூபாய்க்கு விற்கத் திட்டமிட்டால் விற்பனை 110 லட்சம் ரூபாய். ஒரு கிலோ மணிக்கு இரண்டரை கிலோ காய் என்று கொண்டால், பருவத்தில் 250 டன் காய் வாங்க வேண்டும். கிலோ 24 ரூபாய் எனில் அதற்கு மட்டும் 60 லட்சம் ரூபாய். கூலி, மின்சாரம், பொட்டலம் ஆகியவற்றுக்குக் கிலோவுக்கு 15 ரூபாய் வீதம் மேலும் 15 லட்சம். ஆக, மூன்று மாதங்களில் 75 லட்சம் ரூபாய் செலவாகிறது. பருவத்துக்குள்ளேயே 20 டன் விற்றுவிட்டால் 22 லட்சம் திரும்பும். மீதி 53 லட்சம் ரூபாய் பனிக்கட்டியோடு பனிக்கட்டியாகக் கிடங்கில் உறைந்து நிற்கும். வழக்கமான முறைப்படி கிடைப்பதோ, வங்கியின் 22 லட்சமும் அவருடைய 5.5 லட்சமும் சேர்ந்து 27.5 லட்சமே. பற்றாக்குறை 25.5 லட்சம்.

எங்கள் வாடிக்கையாளருக்கு நேர்ந்ததும் இதுவே. பிப்ரவரியில், காய் மிக மலிவாகக் கிடைத்த நாட்களில், அவர் கையில் பணமில்லை. வெளியில் அதிக வட்டிக்கு வாங்கினார். அதை அடைக்க, விலை ஏறும் முன்பே ஏப்ரலில் இருப்பை விற்றார். ஆண்டு முழுவதும் ஃப்ரீசரை இயக்கியும் லாபம் இடைத்தரகருக்கே சென்றது. கடன் கணக்கு தள்ளாடியது. அதை நிமிர்த்த இரண்டு பருவங்கள் ஆயின. தவறு அவருடையது மட்டுமன்று. பொருளின் பருவத்தைப் பாராமல் வரம்பை நிர்ணயித்த எங்களுக்கும் அதில் பங்குண்டு.

இத்தனைக்கும் வட்டி பெரிய சுமையன்று. மேற்கண்ட எடுத்துக்காட்டில், 53 லட்சம் ரூபாய் ஒன்பது மாதங்களில் படிப்படியாகக் குறைந்து தீரும் என்றும், வட்டி 10 விழுக்காடு என்றும் கொண்டால், மொத்த வட்டி ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய். மீதமுள்ள 80 டன்னுக்கு அதைப் பகிர்ந்தால் கிலோவுக்கு இரண்டரை ரூபாய்தான். குறைந்த வட்டியைத் தேடி அலைவதைவிட, தேவையான மாதத்தில் தேவையான வரம்பு கிடைப்பதே இத்தொழிலுக்கு உயிர்நாடி.

ஆகவே அடுத்து வந்த விண்ணப்பத்தை வேறு விதமாக அணுகினோம். மாணவர் விடுதிகளுக்கு நறுக்கிய காய்கறி வழங்கி வந்த அம்மையார் ஒருவர், உறைபதனத்தில் இறங்க விரும்பினார். அவருடைய திட்ட அறிக்கையில் இயந்திர விலை ரூபாய், பைசா வரை இருந்தது. இருப்புக்கான பணம் பற்றி ஒரு வரியும் இல்லை. அவருடன் அமர்ந்து மாதவாரியாக ரொக்க வரவு செலவைத் தயாரித்தோம். பருவ மாதங்களில் உயர்ந்தும் பிற மாதங்களில் தாழ்ந்தும் இருக்கும் கடன் வரம்பை வகுத்தோம். விற்பனையில் 20 விழுக்காடு என்பது குறைந்தபட்ச அளவே. தொழிலின் சுழற்சி நீண்டதாக இருப்பதைக் காட்டினால் மேலும் அளிக்க வங்கிக்கு இடமுண்டு. சொந்தமாகக் கிடங்கு கட்டும் எண்ணத்தைத் தள்ளிவைத்து வாடகைக்கு எடுக்கச் சொன்னோம். தெலங்கானாவிலேயே விளையும் இனிப்புச் சோளத்தை முதன்மைப் பொருளாகவும் பட்டாணியைத் துணைப் பொருளாகவும் அவரே மாற்றிக்கொண்டார். இதனால் இயந்திரம் ஆண்டில் கூடுதல் மாதங்கள் இயங்குகிறது. பணமும் ஒரே பருவத்தில் சிக்கிக்கொள்வதில்லை. மின்னாக்கியை முதல் நாளிலேயே வாங்க வேண்டும் என்பதில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

தொழில்முனைவோருக்கான திட்டங்கள்

இத்துறையில் இறங்க எண்ணும் வாடிக்கையாளர்கள் கீழ்க்காணும் திட்டங்களை அறிந்திருப்பது நன்று.

பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்கள் முறைப்படுத்தும் திட்டம், சுருக்கமாகப் பி.எம்.எஃப்.எம்.இ., 2020 ஜூனில் தொடங்கப்பட்டது. தகுதியான திட்டச் செலவில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வங்கிக் கடனுடன் இணைந்த மானியமாகக் கிடைக்கிறது. பயனாளியின் பங்கு குறைந்தது 10 விழுக்காடு. இத்திட்டத்தில் தொழில்நுட்ப வழிகாட்டலும் பயிற்சியும் உண்டு. தஞ்சாவூரிலுள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம் அப்பணியில் பங்காற்றுகிறது.

வேளாண் உட்கட்டமைப்பு நிதியும் 2020-இல் 1 லட்சம் கோடி ரூபாய் இலக்குடன் உருவானது. சிப்பமிடும் நிலையம், குளிர்பதனக் கிடங்கு, குளிரூட்டிய வண்டி போன்றவற்றுக்கு 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு ஆண்டுக்கு 3 விழுக்காடு வட்டிச் சலுகை ஏழு ஆண்டுகள் வரை கிடைக்கும். கடன் உத்தரவாதமும் உண்டு. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இதைப் பயன்படுத்தி வயலருகே முதல் கண்ணியை அமைக்கலாம். சங்கிலியில் மிகப் பெரிய இடைவெளி அங்கேதான் என்பதை மேலே கண்டோம்.

பெரிய அளவில் ஆலையும் கிடங்கும் சேர்த்து அமைப்போருக்குப் பிரதமரின் கிசான் சம்பதா திட்டத்தில் ஒருங்கிணைந்த குளிர்ச்சங்கிலிக்கான பிரிவு உள்ளது. இத்திட்டங்களின் காலவரையறையும் நிபந்தனைகளும் அவ்வப்போது மாறுவதால், இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன் கிளைக்கு வந்து கேட்டறிவது அவசியம். மானியத்தை முதலீட்டின் ஒரு பகுதியாக எண்ணிக்கொண்டு திட்டமிடுவது ஆபத்து. மானியம் தாமதமானாலும் தொழில் நிற்குமா என்ற கேள்விக்கு விடை கண்ட பிறகே இறங்க வேண்டும்.

வாங்குவோர் கவனத்துக்கு

பொட்டலத்தை மெல்லக் குலுக்கிப் பாருங்கள். மணிகள் தனித்தனியே உருண்டால் நன்று. கட்டியாக இருந்தாலோ, உள்ளே பனிப்பூக்கள் மிகுந்திருந்தாலோ அது உருகி மீண்டும் உறைந்தது.

அங்காடியில் மற்றப் பொருள்களை வாங்கி முடித்து, கடைசியில் உறைபதனப் பொருளை எடுங்கள். ஐதராபாத் கோடையில் அரை மணி நேரப் பயணம் போதும், அது இளகத் தொடங்கிவிடும்.

உங்கள் குளிர்சாதனப் பெட்டியின் ஃப்ரீசர் எவ்வளவு குளிர்ச்சி தரும் என்பதை அறிந்துகொள்ளுங்கள். ஃப்ரீசர் பகுதியில் பொறித்திருக்கும் ஒரு நட்சத்திரம் பூஜ்யத்துக்குக் கீழே 6 டிகிரியையும், இரண்டு 12 டிகிரியையும், மூன்றும் நான்கும் 18 டிகிரியையும் குறிக்கும். மின்சிக்கனத்துக்காகக் கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள் வேறு, இவை வேறு. ஒற்றைக் கதவுப் பெட்டிகள் பலவற்றில் 18 டிகிரி கிடைக்காது. அவற்றில் மாதக்கணக்கில் சேமிக்க வேண்டாம்.

உருகிய காயை மீண்டும் உறைய வைக்காதீர்கள். தேவையானதை மட்டும் எடுத்து, உருகக் காத்திராமல் நேரே சமைக்கலாம்.

உறைபதனக் காயும் உறைபதன நொறுக்குத் தீனியும் ஒன்றல்ல. முன்னதில் காய் மட்டுமே இருக்கும். பின்னதில் எண்ணெயும் உப்பும் சேர்ந்திருக்கும். பொட்டலத்தின் பின்புறம் உள்ள மூலப்பொருள் பட்டியலைப் படித்து வாங்குங்கள்.

முடிவாக

1999 ஜனவரியில் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் ரைத்து பஜார்கள் தொடங்கின. அதே ஆண்டு நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. உழவருக்கும் உண்போருக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைப்பதே இரண்டின் நோக்கமும். உறைபதனம் அதே பணியைக் காலத்தில் செய்கிறது. விளையும் மாதத்துக்கும் உண்ணும் மாதத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை அது குறைக்கிறது. ஆகவே ஒன்று வளர மற்றொன்று தேய வேண்டியதில்லை. குஷாயிகுடாவில் காலையில் கீரை வாங்கும் அதே கை, மாலையில் பட்டாணிப் பொட்டலத்தை எடுப்பதை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம்.

விளைந்த காய் வீணாகாமல் இருக்க வேண்டும். உழவருக்கு அறுவடை மாதத்திலும் விலை கிடைக்க வேண்டும். நம் வீட்டுத் தட்டில் ஆண்டு முழுவதும் காய் இருக்க வேண்டும். இம்மூன்றும் ஒரே சங்கிலியில் கோக்கப்பட்டவை. அதன் ஒரு கண்ணியை அமைக்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், இயந்திர விலைப்பட்டியலுடன் மாதவாரி வரவு செலவுக் கணக்கையும் எழுதி எடுத்துக்கொண்டு அருகிலுள்ள நம் கிளைக்கு வாருங்கள். அந்தக் கணக்கிலிருந்தே பேச்சைத் தொடங்குவோம்.